நீர்ப்பறவை வேட்டைக்கு ஷாட்கன் தோட்டா தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வாத்துக்குத் தோட்டா வாங்கப் போகும் பலர் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அடுத்து விலை, அடுத்து தோட்டாவின் நீளம். எந்தப் பறவை, எவ்வளவு தூரம் என்ற கேள்வி கடைசியில் வருகிறது. சிலருக்கு வருவதே இல்லை. இதன் விளைவை அனுபவிப்பது பறவை. வயிற்றில் இரண்டு ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோக உருண்டை) வாங்கிக்கொண்டு கோரைக்குள் போய் விழுகிறது, எவ்வளவு தேடினாலும் அகப்படாமல் கிடந்து சாகிறது. சுட்டால் அங்கேயே உயிர் போக வேண்டும். தோட்டா விஷயத்தில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இதற்காகத்தான். இந்த வழிகாட்டியையும் அதை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

சட்டப்படி உரிமம் பெற்று, பருவகாலத்தில் வேட்டையாட இடமுள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கானது இது. இந்தியாவில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்துகளைச் சுடுவது குற்றம்.

முதல் படி: ஈயத்தை விலக்குங்கள்

நீர்ப்பறவைக்கு ஈய ரவை கூடாது. வாத்துக்குப் பல் கிடையாது. விழுங்கிய தீனியை வயிற்றிலுள்ள கெட்டியான தசைப்பையில் போட்டு அரைக்கிறது. அரைப்பதற்காகச் சிறு கற்களையும் பொறுக்கி விழுங்குகிறது. பல ஆண்டுகளாகச் சுட்டுக் குளத்தடியில் படிந்து கிடக்கும் ஈய ரவை அதன் கண்ணுக்குக் கல்லாகத்தான் தெரியும். தசைப்பைக்குள் ஈயம் தேய்ந்து, கரைந்து, ரத்தத்தில் கலக்கிறது. சில ரவைகளே ஒரு வாத்தைக் கொன்றுவிடும். நலிந்துபோன அந்த வாத்தைத் தின்னும் கழுகுக்கும் விஷம் ஏறுகிறது.

அமெரிக்காவில் 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை. டென்மார்க் 1996-இல் எல்லா வகை வேட்டைக்கும் ஈய ரவையைத் தடை செய்தது. கனடாவில் 1999 முதல் பெரும்பாலான வலசைப் பறவைகளுக்கு இந்தத் தடை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி 15 முதல் ஈரநிலங்களிலும், அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈய ரவை சுடக் கூடாது. அமெரிக்காவில் வாத்து வேட்டையின்போது ஈய ரவைத் தோட்டா கையிருப்பில் இருந்தாலே குற்றம், சுட்டிருக்க வேண்டும் என்பதில்லை. வேறு வேட்டைக்குப் போனபோது கோட்டுப் பையில் தங்கிவிட்ட பழைய தோட்டா உங்களை மாட்டிவிடும். பருவம் தொடங்கும் முன் எல்லாப் பைகளையும் கொட்டிக் காலி செய்யுங்கள்.

இரண்டாவது படி: துப்பாக்கி எதை ஏற்கும்?

குழலின் பக்கவாட்டில் கேஜும் (குழல் உள்விட்டத்தின் குறியீடு; எண் கூடினால் குழல் சிறிது) சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) நீளமும் பொறித்திருக்கும். 12 கேஜில் வழக்கமான நீளங்கள் 2¾ அங்குலம் (70 மி.மீ.), 3 அங்குலம் (76 மி.மீ.), 3½ அங்குலம் (89 மி.மீ.). 3 அங்குலச் சேம்பரில் 2¾ அங்குலத் தோட்டா போடலாம். சேம்பரைவிட நீளமான தோட்டாவைப் போடவே கூடாது.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், தவறான தோட்டாவும் பல சமயம் உள்ளே போய்விடும். தோட்டாவின் மேல் குறித்திருக்கும் நீளம், சுட்ட பிறகு முனை மடிப்பு விரிந்து நிற்கும்போது உள்ள நீளம். சுடாத 3 அங்குலத் தோட்டா மடிப்போடு இருப்பதால் 2¾ அங்குலச் சேம்பருக்குள் அடங்கிவிடும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் நெரிகிறது; அழுத்தம் எகிறுகிறது. ஆகவே உள்ளே போகிறதா என்று போட்டுப் பார்ப்பது சோதனையே ஆகாது. பொறிப்பைப் படியுங்கள்.

இன்னொன்று இதைவிடக் கொடியது. 20 கேஜ் தோட்டாவை 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால் அது வழுக்கிக்கொண்டு போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். சேம்பர் காலியாகத் தெரியும். மறுபடி ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது இதற்காகத்தான். இரண்டு கேஜ் தோட்டாக்களும் ஒரே பையில் ஒருபோதும் இருக்கக் கூடாது.

பழைய துப்பாக்கியாக இருந்தால், எஃகு ரவை சுடுவதற்கு முன் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டுங்கள். மெல்லிய சுவர், இறுக்கமான சோக் (ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் குழல் முனைக் குறுக்கம்), பின்னல் இரும்பில் செய்த குழல் ஆகியவை எஃகைத் தாங்காது. ஐரோப்பாவில் சோதித்த துப்பாக்கிகளில் லில்லிப்பூ முத்திரை இருந்தால், வீரியம் கூடிய எஃகுத் தோட்டாக்களுக்காக அது அழுத்தச் சோதனை செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த முத்திரை இல்லாத, ஆனால் நல்ல நிலையில் உள்ள துப்பாக்கிக்குச் சாதாரண வகை எஃகுத் தோட்டாதான். அந்த வகையில் 12 கேஜுக்கு ரவையின் விட்டம் 3.25 மி.மீ. தாண்டாது.

மூன்றாவது படி: எந்தப் பறவை, எவ்வளவு தூரம்?

மிதக்கவிட்ட போலி வாத்துகளை நம்பி இறங்கி வரும் மல்லார்ட் வாத்தைச் சுடுவதும், தலைக்கு மேல் உயரத்தில் கடந்துபோகும் கனடா கூஸ் என்ற பெருவாத்தைச் சுடுவதும் ஒரே வேலையாகாது. மல்லார்ட் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். டீல் வகைச் சிறு வாத்து அதில் மூன்றில் ஒரு பங்குதான். பெரிய கனடா கூஸ் நான்கைந்து கிலோவைத் தொடும். அடர்ந்த இறகு, தடித்த மார்புத் தசை, வலுவான சிறகெலும்பு எல்லாவற்றையும் தாண்டி ரவை உள்ளே போக வேண்டும்.

பறவை உடனே சாக இரண்டு நிபந்தனைகள் உண்டு. உயிர்நிலையை எட்டும் அளவுக்கு ரவை ஆழமாக இறங்க வேண்டும். அந்த உயிர்நிலையில் ஏதாவது ஒரு ரவையாவது பட்டே தீரும் அளவுக்கு ரவைகள் நெருக்கமாகப் பரவ வேண்டும். ரவை பெரிதானால் ஆழம் கிடைக்கும், எண்ணிக்கை குறையும்; சிறிதானால் எண்ணிக்கை கிடைக்கும், ஆழம் போகும். தோட்டாத் தேர்வின் முழுச் சிக்கலும் இந்த இழுபறிதான்.

நெருக்கத்துக்கு வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் அளவுகோல் 30 அங்குல வட்டம், அதாவது 76 செ.மீ. நீங்கள் சுடும் தூரத்தில் அந்த வட்டத்துக்குள் மல்லார்டுக்கு 85 முதல் 90 ரவை விழ வேண்டும். டீலுக்குச் சுமார் 135. பெரிய கூஸுக்கு 50 முதல் 55 போதும். சிறிய பறவைக்குக் கூடுதல் ரவை ஏன் என்றால், அதன் உயிர்நிலை சிறியது. ரவைகளுக்கு இடையில் நழுவிவிடும்.

தூரத்தைப் பொறுத்தவரை என் கருத்து கண்டிப்பானது. பெரும்பாலானவர்களுக்கு 40 கெஜம், அதாவது 37 மீட்டருக்குள்தான் சுடத் தகுதி. தோட்டா அதற்கு அப்பாலும் கொல்லலாம். ஆனால் பறக்கும் பறவைக்கு முன்னால் சரியாகக் குழலை ஓட்டும் திறமை அவ்வளவு தூரத்துக்குப் பலரிடம் இல்லை. கூஸ் விஷயத்தில் கண்ணும் ஏமாற்றும்: பறவை பெரிதென்பதால் அருகில் இருப்பதாகத் தோன்றும், மெதுவாகப் பறப்பதாகவும் தோன்றும். மறைவிடத்திலிருந்து அடியெண்ணி நடந்து, 35 கெஜத்தில் ஒரு போலி வாத்தை எல்லைக்கல்லாக வையுங்கள். அதற்கு அப்பால் இருப்பதைப் போக விடுங்கள்.

நான்காவது படி: எந்த உலோகம்?

எஃகுதான் பெரும்பான்மை, விலை குறைவு, எங்கும் கிடைக்கும். அதன் குறை அடர்த்தி. ஈய ரவை ஒரு கன செ.மீ.க்கு 11 கிராமுக்கு மேல் இருக்கும், எஃகு 7.8 கிராம்தான். எடை குறைந்த உருண்டை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். அதை ஈடுகட்டத்தான், ஈயத்தில் பழகிய அளவைவிட இரண்டு எண் பெரிய எஃகு ரவை என்ற நடைமுறை வந்தது (எண் குறையக் குறைய ரவை பெரிது). 4-ஆம் எண் ஈயம் சுட்டவர் 2-ஆம் எண் எஃகுக்கு மாறினால் ரவையின் எடை ஏறக்குறைய சரியாகிவிடும்.

பிஸ்மத் கலவை சுமார் 9.6 கிராம். எஃகைவிடக் கனம், ஈயத்தைவிட லேசு. மென்மையானது என்பதால் குழலைக் கீறாது. பழைய நல்ல துப்பாக்கியை வாத்து வேட்டைக்குக் கொண்டுபோக விரும்புகிறவர்களுக்கு இதுதான் வழி. உடையும் குணம் ஓரளவு உண்டு. இறுக்கம் அதிகமான சோக்கில் நொறுங்கலாம்.

டங்ஸ்டன் கலவைகள் பலவகை. டிஎஸ்எஸ் எனப்படும் உயர்தர டங்ஸ்டன் 18 கிராம் அளவுக்குப் போகும். விலை எஃகைவிடப் பல மடங்கு. மிகவும் கடினம் என்பதால், தடித்த உறைக்குள் வைத்து ஆலையில் தயாரித்த தோட்டாவாகத்தான் வாங்க வேண்டும். அதன் சோக் பரிந்துரையையும் அப்படியே பின்பற்ற வேண்டும்.

உலோகங்களை ஒப்பிட எளிய கணக்கு ஒன்று சொல்கிறேன். ரவையின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து அடர்த்தியால் பெருக்குங்கள். வேகத்தைத் தக்கவைப்பதும் ஆழமாக இறங்குவதும் பெரும்பாலும் இந்தப் பெருக்குத்தொகையைப் பின்பற்றுகின்றன. 2-ஆம் எண் எஃகு 3.81 மி.மீ.; 7.86-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 30. 4-ஆம் எண் பிஸ்மத் 3.30 மி.மீ.; 9.6-ஆல் பெருக்கினால் 32 வரும், அது 1-ஆம் எண் எஃகுக்குச் சமம். பிபி எனப்படும் பெரிய எஃகு ரவை 4.57 மி.மீ., தொகை 36. பார்க்கக் கடுகளவே இருக்கும் 9-ஆம் எண் டிஎஸ்எஸ் 2.03 மி.மீ.தான், அதன் தொகையும் 36-க்கு மேல். டங்ஸ்டனுக்கு ஏன் அந்த விலை என்பதற்கு இதுவே பதில்: பிபியின் ஆழத்தைக் கொடுத்துக்கொண்டே, ஒரு அவுன்ஸில் (சுமார் 28 கிராம்) 72 ரவைக்குப் பதிலாகச் சுமார் 360 ரவை தருகிறது. போலி வாத்துகளுக்கு மேல் 30 கெஜத்துக்குள் சுடுகிறவருக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. 20, 28 கேஜ் போன்ற சிறிய துப்பாக்கிகளில்தான் டங்ஸ்டனும் பிஸ்மத்தும் கொடுத்த காசுக்கு வேலை செய்கின்றன.

ஐந்தாவது படி: ரவை எண்ணும் எடையும்

எண் கூடக் கூட ரவை சிறிதாகும். அமெரிக்க முறையில் 17-இலிருந்து எண்ணைக் கழித்தால் விட்டம் நூறில் ஒரு பங்கு அங்குலத்தில் கிடைக்கும்: 2-ஆம் எண் 0.15 அங்குலம், 4-ஆம் எண் 0.13. 1-க்கும் பெரியவை பிபி, பிபிபி, டி என்று எழுத்தில் வரும். பிரிட்டிஷ் எண்களும் ஐரோப்பிய எண்களும் வேறு. ஆகவே பெட்டியில் மி.மீ. அளவைப் பாருங்கள், அது எங்கும் மாறாது.

எஃகில் ஒரு அவுன்ஸுக்கு 4-ஆம் எண் சுமார் 192 ரவை, 2-ஆம் எண் 125, 1-ஆம் எண் 103, பிபி 72. இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். 1¼ அவுன்ஸ் 2-ஆம் எண் தோட்டாவில் 156 ரவை இருக்கும். மல்லார்டுக்கு வேண்டிய 90, வட்டத்துக்குள் விழ அதில் 58 சதவீதம் போதும். ஓரளவு நல்ல சோக் அதைக் கொடுத்துவிடும். அதே எடையில் பிபி என்றால் மொத்தமே 90. மல்லார்டுக்கு ஒரு ரவைகூடத் தவறாமல் வட்டத்துக்குள் விழ வேண்டும், அது நடக்காது. கூஸுக்கு அதே 90-இல் 60 சதவீதம் பட்டால் போதும். வாத்துக்கு பிபி கூடாது, கூஸுக்குப் பொருந்தும் என்று அனுபவசாலிகள் சொல்வதன் அடிப்படை இந்தக் கணக்குத்தான்.

எஃகில் நான் சொல்லும் தேர்வு இது. டீலுக்கும், 30 கெஜத்துக்குள் வரும் எந்த வாத்துக்கும் 4-ஆம் எண். மல்லார்ட் அளவு வாத்துக்கு 3 அல்லது 2. பருவத்தின் பிற்பகுதியில் இறகு தடித்து, பறவைகள் மிரண்டு தள்ளியே நிற்கும்போது 2. ஈடர் முதலான கடல் வாத்துகள் கெட்டியானவை, அவற்றுக்கு 2 அல்லது 1. கூஸுக்கு பிபி, தூரம் கூடினால் பிபிபி. ஒரே தோட்டாவை வைத்துக்கொண்டு வாத்து, கூஸ் இரண்டுக்கும் போக வேண்டியிருந்தால் 1-ஆம் எண் அல்லது 2-ஆம் எண்ணை எடுத்துக்கொண்டு, கூஸை 35 கெஜத்துக்குள் வரும்வரை காத்திருந்து சுடுங்கள்.

ஆறாவது படி: வேகத்துக்கு மயங்காதீர்கள்

எஃகுத் தோட்டாக்கள் பொதுவாக நொடிக்கு 1,400 முதல் 1,550 அடி வேகத்தில் வரும். 1,700 வரை போகிறவையும் உண்டு. உருண்டையான பொருள் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு கடுமையாகக் காற்று அதைத் தடுக்கும். குழல் முனையில் கிடைத்த 150 அடிக் கூடுதல், 40 கெஜம் போவதற்குள் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். அந்த வேகத்துக்காகப் பெரும்பாலும் ரவை எடையைக் குறைத்திருப்பார்கள்; தோளில் இடி கூடும், பரவலும் பல துப்பாக்கிகளில் கலையும். 1,400 முதல் 1,500 அடிக்குள் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆழம் போதவில்லை என்றால் ரவையை ஒரு எண் பெரிதாக்குங்கள். அதுதான் தூரத்திலும் தங்கும் லாபம்.

3½ அங்குலத் தோட்டாவுக்கும் இதே பதில்தான். கூஸுக்கு மட்டும் அது ஓரளவு பயன்படும். இடிக்குப் பயந்து விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடுகிறவருக்கு அந்தக் கூடுதல் ரவைகளால் பயனில்லை. 3 அங்குலம், 1¼ அவுன்ஸ். 12 கேஜில் ஏறக்குறைய எல்லா வேலைக்கும் இது போதும். கடுங்குளிரில் வெடிமருந்தும் சற்று மந்தமாக எரியும், காற்றும் அடர்த்தியாகும். உறைபனிக் காலத்தில் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது படி: சோக்

எஃகு நசுங்காது, எனவே ஈயத்தைவிட இறுக்கமாகப் பறக்கும். ஈயத்துக்கு ஃபுல் சோக் (மிக இறுக்கமானது) வைத்தவர் எஃகுக்கு மாடிஃபைட் (நடுத்தரமானது) வைத்தால் கிட்டத்தட்ட அதே பரவல் கிடைக்கும். போலி வாத்துகளுக்கு மேல் சுட இம்ப்ரூவ்ட் சிலிண்டர் (அதைவிடத் தளர்வானது), சற்றுத் தூரத்துக்கு மாடிஃபைட். பெரிய எஃகு ரவையை ஃபுல் சோக்கில் சுடுவதைத் தவிருங்கள்: பரவல் கெடும், குழல் முனை வீங்கவும் கூடும். ஐரோப்பிய விதிப்படி 4 மி.மீ.க்கு மேற்பட்ட எஃகு ரவைக்கு அரைச் சோக்கை (மாடிஃபைட் அளவு) தாண்டக் கூடாது. பல சோக்குகளின் மேலேயே எஃகுக்கு ஏற்றதா என்று எழுதியிருக்கும்.

எட்டாவது படி: காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

இதுவரை சொன்னது எல்லாம் கணக்கு. உங்கள் துப்பாக்கி, உங்கள் சோக், நீங்கள் வாங்கிய தோட்டா மூன்றும் சேர்ந்து என்ன செய்யும் என்பதைக் காகிதம்தான் சொல்லும். ஒரே மாடல் துப்பாக்கிகள் இரண்டு ஒரே தோட்டாவை வேறு வேறு விதமாகச் சிதறடிக்கும். அதனால் முதலில் இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்குங்கள்.

மீட்டருக்கு மீட்டர் குறையாத தடித்த காகிதத்தை மரச்சட்டத்தில் மாட்டி, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். பாறையோ இரும்போ இருந்தால் எஃகு ரவை உங்கள் பக்கமே தெறித்து வரும். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். நீங்கள் உண்மையில் சுடப்போகும் அதிகபட்சத் தூரத்தை அளந்து நின்று, ஒரு தாளுக்கு ஒரே ஒரு குண்டு சுடுங்கள். குறைந்தது மூன்று தாள், முடிந்தால் ஐந்து. ஒரே தாளை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், தோட்டாவுக்குத் தோட்டா வித்தியாசம் இருக்கும்.

சுட்ட பிறகுதான் வட்டம் போட வேண்டும். துளைகள் எங்கே நெருக்கமோ அங்கே ஆணியை ஊன்றி, 38 செ.மீ. நூலில் பென்சிலைக் கட்டிச் சுழற்றுங்கள். வட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு துளையையும் பேனாவால் தொட்டுக்கொண்டே எண்ணுங்கள். தொடாமல் எண்ணினால் தவறும். மல்லார்டுக்கான தோட்டாவில் 90 வந்தால் நல்லது. 70 வந்தால் ஐந்து கெஜம் முன்னால் வந்து மறுபடி சுட்டுப் பாருங்கள். எண்ணிக்கை எங்கே நிறைகிறதோ அதுதான் உங்கள் எல்லை.

எண்ணியதோடு தாளை மடித்துவிடாதீர்கள். உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிடங்கள் இருக்கின்றனவா? வட்டத்தின் மையம் கறுப்புப் புள்ளியில் நிற்கிறதா, மேலேயோ பக்கத்திலோ ஒதுங்குகிறதா? ஒரு சாண் ஒதுங்கினால் குறை தோட்டாவில் இல்லை. துப்பாக்கி உங்கள் தோளில் உட்காரும் விதத்திலோ குழலிலோ இருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: முதலில் சோக், பிறகு தோட்டா வகை, கடைசியில் ரவை எண். ஒவ்வொரு தாளின் மூலையிலும் தூரம், சோக், தோட்டா விவரம் எழுதி வையுங்கள். பொருந்தியது எதுவென்று தெரிந்ததும் அதே வகையைப் பருவம் முழுவதற்கும் வாங்கிவிடுங்கள்.

வேட்டை நாளில்

தேர்ந்தெடுத்த தோட்டாவோடு, 6-ஆம் எண் எஃகுத் தோட்டா சிலவற்றைத் தனிப் பையில் வையுங்கள். அடிபட்டுத் தண்ணீரில் விழுந்த வாத்து உடலை அமிழ்த்தித் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நழுவும். அந்தச் சிறிய தலைக்கும் கழுத்துக்கும் ரவைகள் நெருக்கமாக விழ வேண்டும்; பெரிய ரவை பெரும்பாலும் சுற்றி விழுந்து தவறும். நீர்மட்டத்தில் சுடும் ரவை துள்ளிப் போகும் என்பதால், அந்தத் திசையில் நாயோ படகோ ஆளோ இல்லை என்று பார்த்தபின் சுடுங்கள். அடிபட்ட பறவையை முடித்துவிட்டுத்தான் அடுத்த பறவையைப் பார்க்க வேண்டும்.

எஃகுக்குத் தண்ணீர் எதிரி. நனைந்த தோட்டாவுக்குள் ரவைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். சுட்டால் பரவாது, குழலுக்கும் கேடு. வீடு திரும்பியதும் கோட்டுப் பையிலிருந்து எல்லாத் தோட்டாக்களையும் எடுத்துத் துடைத்து, காற்றில் உலர்த்தி, ஈரமில்லாத பெட்டியில் வையுங்கள். உலோக அடிப்பகுதியில் துரு ஏறியது, உறை வீங்கியது, முனை மடிப்பு திறந்தது எதையும் அடுத்த முறைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். அவற்றைத் தனியே குறித்து வைத்து, தோட்டாக்களை அப்புறப்படுத்த உள்ளூர் விதி சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள்.